மிஞ்சிய கத்தரிக்காய்ச் சம்பல்



கத்தரிக்காயைத் தணலிற் சுட்டு, தோலை உரித்து, மசித்து, அரிந்த சின்ன வெண்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டு, தேசிக்காய்ப்புளி பிழிந்து செய்யும் சம்பலை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை எனலாம். அதனை எவ்வாறு ஆக்குவது என்று சொல்வதற்கு நான் இங்கு வரவில்லை. அப்படிச் சொல்லப் புகுந்தால், கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாரிற் பாதிப்பேர் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவர். மற்றப் பாதிப்பேர் நான் சொல்லும் முறை பிழை என்பர். எல்லாரும் உண்டு எழுந்தபின் சட்டியின் அடியில் மிஞ்சிக் கிடப்பதை என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

இந்தச் சம்பல் மிஞ்சுவதற்கு ஒரு காரணம் உண்டு. தணல் கிடக்கும்போது ஒரு காயைச் சுடுவதும் மூன்று காயைச் சுடுவதும் ஒரே வேலைதான். ஆகவே கையிற் கிடைத்ததையெல்லாம் சுட்டுவிடுகிறோம். உண்ணும்போதோ இது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டமேயன்றி அள்ளியுண்ணும் கறியன்று. மிஞ்சியதை மறுவேளைக்கு வைத்தால் கெட்டுப்போகிறது. கொட்டினால் ஒரு தேங்காயின் பாலும் சேர்ந்தல்லவா குப்பைக்குப் போகிறது! கொட்டவும் மனம் வராமல், வைக்கவும் துணிவு வராமல் நிற்கும் அந்த நிலையை நான் நன்கு அறிவேன்.

2022 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வீதியில் வரிசையாக நின்ற காலம் அது. அம்மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. எங்கள் வீட்டிலும் பழையபடி விறகு அடுப்பை மூட்டினோம். என் மாமிக்கு அதில் உள்ளூர ஒரு மகிழ்ச்சி. "வாயு அடுப்பிலை சுட்டால் தோல்தான் கருகும் பிள்ளை, தணலிலை சுட்டால்தான் உள்ளும் மணக்கும்" என்று சொல்லிக்கொண்டே நான்கு பெரிய கத்தரிக்காய்களைச் சுட்டு, ஒரு முழுத் தேங்காயின் பாலையும் விட்டுச் சம்பல் ஆக்கினார். மத்தியானம் உண்டபின் மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். ஆனால் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. பெட்டி என்ற பெயர்தான் அதற்கு இருந்தது, குளிர் இருக்கவில்லை.

இரவு எட்டு மணிக்குப் பிட்டு அவித்தோம். சம்பலை மாமி முகர்ந்து பார்த்தார். மணத்தில் ஒரு பேதமும் இல்லை. கொஞ்சந்தானே இருக்கிறது என்று முழுவதையும் பேரனுக்கே வைத்தார். அப்போது அவனுக்கு ஆறு வயது. பதினொரு மணியளவில் வாந்தி தொடங்கியது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முச்சக்கரவண்டி தேடினால், அயலில் ஒருவரிடமும் பெற்றோல் இல்லை. கொதித்தாறிய நீரிற் சீனியும் உப்பும் கரைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் கரண்டி கரண்டியாகப் பருக்கிக்கொண்டு விடியும்வரை இருந்தோம். விடிந்தபோது வாந்தி நின்று, பிள்ளை உறங்கினான். மாமி அவன் தலைமாட்டைவிட்டு அசையவில்லை. மறுநாள் அவர் சொன்னது ஒன்றுதான்: "எல்லாத்துக்கும் பாலை விட்டது என்ரை பிழை, பிள்ளை. மசிச்சதிலை பாதியை அப்பிடியே எடுத்து வைச்சிருக்கலாம்."

அந்தச் சொல்லில் எவ்வளவு அறிவு அடங்கியிருந்தது என்பது பின்னரே எனக்குப் புலப்பட்டது. தேங்காய்ப்பால் மென்மையான பொருள். அதிற் புளிப்பு மிகக் குறைவு, கொழுப்பும் நீரும் புரதமும் உண்டு. நோய்க் கிருமிகள் பெருகுவதற்கு இதனினும் வசதியான இடம் வேறு வேண்டியதில்லை. 5 பாகை முதல் 60 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலையில் அவை விரைந்து பெருகும். நம் நாட்டின் பகல் வேளை அந்த எல்லையின் நடுவில் அல்லவா இருக்கிறது? பிழிந்த தேசிக்காய் ஓரளவு காவல் செய்யும். ஆனால் சுவைக்காக நாம் சேர்க்கும் அளவு முழுக் காவலுக்குப் போதாது. பச்சை வெண்காயமும், அரிந்த கையும், பிசைந்த கையும் தம் பங்குக்குக் கிருமிகளைக் கொண்டுவருகின்றன.

இன்னொரு தவறான நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறோம். கிருமி இறக்கும் என்பது உண்மையே. ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. மணத்தை வைத்தும் அதனைக் கண்டறிய இயலாது. ஆதலால், பால் விட்ட சம்பல் அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். நான் இனிச் சொல்லப்போகும் எதுவும் அந்தச் சம்பலுக்கு உரியதன்று.

மாமியின் முறைக்கு வருவோம். சுட்ட காயை மசித்தவுடன், வெண்காயமோ பாலோ புளியோ சேர்க்குமுன், அன்றைய வேளைக்கு வேண்டியதைமட்டும் பிரித்தெடுங்கள். எஞ்சியதைச் சுத்தமான, உலர்ந்த, மூடியுள்ள கிண்ணத்தில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மின்சாரம் ஒழுங்காக இருந்தால் மூன்று நாள்வரை இருக்கும். உறையவைக்கும் தட்டில் வைத்தால் மாதக்கணக்கிலும் இருக்கும். உருகும்போது சிறிது நீர் விடும், அவ்வளவே. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், மிஞ்சாத அளவுக்குச் சுடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சுட்ட கத்தரிக்காயை மசித்து உண்பது நமக்குமட்டும் உரிய வழக்கமன்று. வட இந்தியர் அதனை வெங்காயத்தோடும் தக்காளியோடும் வதக்கிப் பர்த்தா என்பர். லெபனான், சிரியா நாட்டவர் எள்ளரைத்த விழுதும் எலுமிச்சைச் சாறும் உள்ளியும் சேர்த்து ரொட்டியால் தொட்டுண்பர். துருக்கியரோ கோதுமை மாவைப் பசுவெண்ணெயில் வறுத்து, பாலும் பாற்கட்டியும் கூட்டி, அதிற் சுட்ட கத்தரிக்காயைக் கலந்து, மேலே இறைச்சிக் கறியை வைப்பர். மசித்த காய் ஒன்றே. பின்னர் சேர்வதுதான் ஊருக்கு ஊர் வேறு. எடுத்துவைத்த பாதியை நாமும் எப்படியும் திருப்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

முதலில், பால் விட்டு உடனே குளிரில் வைத்த சம்பலுக்கு ஒரு வழி சொல்கிறேன். இதனை மறுநாளே முடித்துவிட வேண்டும். தாச்சியில் எண்ணெய் விட்டு, கடுகு, சிறிது வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் கறித்தூளும் இட்டு, சம்பலை ஊற்றிக் கிளறுங்கள். புளி ஏறிய பால் கொதிக்கும்போது திரையும். திரைந்ததைக் கண்டு அஞ்ச வேண்டா. தோற்றந்தான் கெடுகிறது, கறித்தூள் அதனை மறைத்துவிடும். பச்சை வெண்காயம் வெந்து இனிப்பேறும்வரை, ஆவி பறக்கக் கொதிக்கவிடுங்கள். இறக்கியபின் உப்புப் பார்த்து, மீண்டும் சிறிது தேசிக்காய் பிழிந்தால், இடியப்பத்துக்கு ஏற்ற குழம்பு ஆகிவிடும். நேற்றைய சம்பல் என்று சொல்லாவிட்டால் ஒருவரும் அறியார். எங்கள் வீட்டில் நான் சொல்வதில்லை.

பால் விடாத மசியலைத் தயிரோடு கலந்து தாளித்துப் பச்சடி ஆக்கலாம். முட்டையோடு அடித்துப் பொரிக்கலாம். மிளகும் உப்பும் தூவிப் பாணிற் பூசலாம். இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கட்லட் செய்வதாயின்மட்டும் ஓர் எச்சரிக்கை. கத்தரிக்காயின் நிறையில் 100க்கு 90 பங்குக்கு மேல் நீர்தான். சுட்டபின்னும் அதிற் பெரும்பங்கு உள்ளே தங்கியிருக்கும். அவித்த உருளைக்கிழங்கோடு அப்படியே பிசைந்து எண்ணெயில் இட்டால் உருண்டை கலைந்து, எண்ணெயும் பாழாகும். நான் முதன்முறை ஆறு கட்லட்டையும் அவ்வாறே கலைத்தேன். மசியலை முதலில் வெறுந்தாச்சியில் இட்டு, ஓரத்தைவிட்டுத் திரண்டு வரும்வரை வற்றவிடுங்கள். ஆறியபின் சம அளவு கிழங்கும் மிளகுத்தூளும் சேர்த்து உருட்டி, பாண் தூளிற் புரட்டிப் பொரியுங்கள்.

எல்லாவற்றினும் எனக்கு உவப்பானது ரொட்டி. இங்கே அந்த நீரே நமக்கு உதவுகிறது. இரண்டு சுண்டு கோதுமை மாவுக்கு ஒரு சுண்டு மசியல் போதும். ஒரு பிடி தேங்காய்ப்பூ, அரிந்த வெண்காயம், பச்சைமிளகாய், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் முதலிற் பிசைந்து பாருங்கள். பெரும்பாலும் தண்ணீரே வேண்டியிராது. மா உதிர்ந்தால்மட்டும் கை நனைத்துத் தெளியுங்கள். ஒட்டினால் இன்னும் சிறிது மா. இருபது நிமிடம் மூடிவைத்து, வாழையிலையிற் சற்றுக் கனமாகத் தட்டி, மெல்லிய நெருப்பிற் சுடுங்கள். நெருப்புக் கூடினால் மேற்புறம் கருகி உள்ளே ஈரம் நின்றுவிடும். இந்த ரொட்டி ஆறினாலும் மிருதுவாக இருக்கும். தோலோடு ஒட்டிவந்த கரித்துணுக்கு ஒன்றிரண்டு மாவிற் கிடந்தால் பொறுக்கி எறியாதீர்கள். விறகு அடுப்பின் மணம் அதில்தான் இருக்கிறது.

மாமி இப்பொழுதும் காய் சுடும் நாளில் முதலில் ஒரு கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அருகே வைத்துக்கொண்டுதான் தோலை உரிக்கத் தொடங்குவார். என் மகன் வளர்ந்துவிட்டான். சம்பலை இன்றும் ஒருமுறை முகர்ந்து பார்த்தே உண்பான்; முகர்ந்து பயனில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேளான். ரொட்டியைமட்டும் முகர்வதில்லை. இரண்டு போதாது என்று மூன்றாவதற்குக் கை நீட்டுவான். பிள்ளைகள் உள்ள வீடாயின் மாவைச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.