ஆடிக்காற்று அடங்கட்டும்



சென்ற வருடம் ஆடி முதல் வாரத்தில் வீட்டுக்கு ஐந்து பாக்கெட் காய்கறி விதை கொடுத்தோம். பெரும்பாலான வீடுகளில் ஒரு கறிக்குக்கூடக் காய் கிடைக்கவில்லை. "விதை சரியில்லை" என்று எங்களிடம் நேரிலேயே சொன்னீர்கள். விதையில் குறையில்லை. கொடுத்த நேரம் தப்பு, அது எங்கள் தப்பு. அதனால்தான் இந்த வருடம் விதைக்கு முன்னால் பேச்சு.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டோம். அது வயலுக்குச் சரி. நாம் வைத்ததோ மொட்டைமாடியில். வீரகேரளம்புதூர் செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் நமக்கு மழையைவிடக் காற்றுதான் அதிகம். தக்காளி நாற்று ஒடிந்தது. ஒடியாததும் காய்ந்தது, ஏனென்றால் காற்று தொட்டி மண்ணின் ஈரத்தையே உறிஞ்சிவிடும்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் மார்கழி வரை வெண்டைக்காய். அந்த வீட்டு உம்மாவிடம் கேட்டோம். "காத்து அடங்கட்டும்னு விதைய அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருந்தேன் வாப்பா, புரட்டாசியிலதான் ஊணுனேன்" என்றார். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை!

குளிர் நாடுகளிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் மார்ச் மாதமே ஜன்னலோரத்தில் தட்டு வைத்துத் தக்காளி விதை போடுவார்கள். மே மாதம் உறைபனி நிற்கும்வரை நாற்று வீட்டுக்குள்தான். பிறகு ஒரு வாரம், பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்கி நடுவார்கள். அவர்களுக்கு உறைபனி, நமக்கு ஆடிக்காற்று.

ஆகவே தக்காளி, கத்தரி, மிளகாயை ஆவணியில் நாற்றுவிடுங்கள். வீட்டுக்குக் கிழக்கே சுவரை ஒட்டி வைத்தால் மேல்காற்று அடிக்காது, காலை வெயிலும் கிடைக்கும். புரட்டாசியில் பெயர்த்து நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். வெண்டையையும் சீனியவரையையும் புரட்டாசியில் நேராகவே ஊன்றுங்கள். புடலைக்கும் பீர்க்குக்கும் காற்று நின்ற பிறகே பந்தல்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். சிறுகீரையை இப்போதே தூவலாம். தாழ வளர்வதால் காற்று ஒன்றும் செய்யாது, 25 நாளில் பிடுங்கிக் கடைந்துவிடலாம்.

பழைய பெயிண்ட் வாளி போதும், அடியில் நாலு ஓட்டை அவசியம். ஓட்டை அடைத்தால் ஐப்பசி மழையில் வேர் அழுகும். செம்மண்ணோடு மட்கிய எரு கலந்துகொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு கட்டும் வீடுகளில் புழுக்கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும், இரண்டு மூன்று மாதம் மட்கட்டும்.

தண்ணீர்தான் உங்கள் பெரிய கவலை என்று தெரியும். உளூ செய்யும் தண்ணீரில் சோப்பு இல்லை. கீழே ஒரு பேசின் வைத்துப் பிடித்தால், நாலு பேர் ஐந்து வேளை உளூ செய்யும் வீட்டில் ஏழெட்டு வாளிச் செடிக்குத் தாராளம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

இன்று சிறுகீரை விதை மட்டும் தருகிறோம். மற்றவை ஆவணி முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு. நாற்றுவிடுவதைச் செய்துகாட்ட அந்த உம்மாவையே அழைத்திருக்கிறோம். வரும்போது ஆளுக்கொரு பழைய வாளி கொண்டுவாருங்கள், ஓட்டை நாங்கள் போட்டுத் தருகிறோம்.