'நேர்வ்' என்ற சொல்லும் தமிழ் நரம்பும்

யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் இரத்தப் பரிசோதனைக்காகக் கையை நீட்டும் முதியவர்கள், "பிள்ளை, எனக்கு நரம்பு லேசிலே பிடிபடாது, பார்த்துக் குத்துங்கோ" என்று தாதியிடம் சொல்வதைக் கேட்கலாம். தாதிக்கு அது நன்றாக விளங்கும். அவர் தேடுவதும் தோலின்கீழ் நீலமாய்த் தெரியும் இரத்தக் குழாயைத்தான். ஆனால் பள்ளிக்கூட விஞ்ஞான நூலிலே அக்குழாயின் பெயர் நாளம். நரம்பு என்பது வேறொன்று. அந்த வேறொன்றிலே ஊசி பட்டுவிட்டால் மின்சாரம் பாய்ந்தாற்போலக் கை துடிக்கும். ஊறு கடுமையாயின் விரல்கள் மரத்தும் போகலாம்.

வீட்டில் ஒன்றையும் நூலில் மற்றொன்றையும் ஒரே சொல் குறிக்கும் இந்நிலை, 'நேர்வ்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கியதால் நேர்ந்தது. எனினும் மொழிபெயர்த்தவர்களைக் குறைகூறுவதற்கில்லை. அந்த ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இத்தகையதே.

'நேர்வ்' என்பது இலத்தீன் மொழியின் 'நெர்வுஸ்' என்பதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதற்கு இனமான சொல் 'நெயுரோன்'. இரண்டுமே ஆதியில் தசைநாணையும், வில்லின் நாணையும், இசைக்கருவியின் தந்தியையும் குறித்தன. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ், எரசிஸ்திராட்டஸ் என்னும் மருத்துவர்கள் மனித உடலை அறுத்து ஆராய்ந்தனர். உணர்ச்சியையும் அசைவையும் கொண்டுசெல்லும் இழைகள், எலும்பையும் தசையையும் பிணைக்கும் நாண்களினின்றும் வேறானவை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. பொருள் புதிதாயினும் பெயர் மட்டும் பழையதாகவே நின்றுவிட்டது.

தமிழிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. நரம்பு என்றால் உடலில் இழைபோல ஓடும் எதுவும் ஆகலாம். இலையின் கோடும் நரம்பே. பழந்தமிழிலே யாழின் தந்தி நரம்பு. அதில் எழும் சுரமும் நரம்பு. தொல்காப்பியம் இசைநூலைச் சுட்டும்போது நரம்பின் மறை என்றே சுட்டுகிறது. பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் அரசனை மகிழ்வித்துப் பரிசாகப் பெற்ற நிலமே யாழ்ப்பாணம் என்னும் கதையை ஏற்றுக்கொண்டால், இத்தீபகற்பமே நரம்பினால் பெயர் பெற்றது எனலாம். நரம்பில்லாத நாக்கு என்னும் உலக வழக்கிலும் பழைய பொருளே நிற்கிறது. நாக்கிலே நரம்புகள் ஏராளம் என்று உடற்கூற்றாசிரியர் வாதிட்டுப் பயனில்லை.

இச்சூழலில்தான் மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியராயிருந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தம் பணியைத் தொடங்கினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிறே என்பவரின் உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872இல் தமிழாயிற்று. மாட்டுவண்டி ஓடிய காலத்தில் மானிப்பாயில் இது நடந்தது என்பதை நினைத்தால் வியப்பு அடங்காது. 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர்; ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவித்து ஏற்பதற்கு அவர்கள் கூசவில்லை.

'நேர்வ்' போன்ற சொல்லுக்கு அத்தகைய கடன் ஒரு வழி. புதுச்சொல் ஆக்குதல் மற்றொரு வழி. பழைய சொல்லின் பொருளைச் சுருக்கிக்கொள்ளுதல் மூன்றாவது. நிலைத்தது மூன்றாவதே. நரம்பைச் சுருக்கியபின் ஏனையவற்றுக்கு வேறு பெயர் வேண்டியதாயிற்று. அங்கேயும் ஒரு சங்கடம்: இலங்கைப் பாடநூல்கள் நாளம், நாடி என்று சொல்பவற்றைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சிரை, தமனி என்கின்றன. சென்னை நூலைப் படிக்கும் பருத்தித்துறை மாணவன் சற்றுத் தடுமாறத்தான் வேண்டும்.

உடற்கூற்றை விட்டு உலக வழக்குக்கு வந்தால் தடுமாற்றம் மிகும். ஆங்கிலத்தில் 'நேர்வ்' என்பது துணிவையும் குறிக்கும். வரம்பு மீறிய துணிச்சலையும் குறிக்கும். ஒருவன் தன் 'நேர்வ்' இழந்தான் என்றால் அவன் நிலைகுலைந்தான் என்பது பொருள். ஒருவனுடைய 'நேர்வ்' இவ்வளவா என்று வியந்தால், என்ன நெஞ்சழுத்தம் என்பது பொருள். பிறருடைய நேர்வுகளின்மேல் ஏறுகிறவனை யாழ்ப்பாணத்தார் பெரிய ஆக்கினை என்பர். தமிழர் துணிவை வைத்த இடம் நெஞ்சு; ஆதலால் இவ்விடங்களில் நரம்பைக் கொண்டுவருதல் மொழிபெயர்ப்பாகாது.

'நேர்வஸ்' என்னும் பெயரடையின் கதை இன்னும் விநோதமானது. 1755இல் வெளிவந்த டாக்டர் ஜோன்சனின் அகராதியில் அதற்கு வலிமை மிக்கது என்பதே முதற்பொருள். தளர்ந்த நரம்புடையது என்பது வைத்தியர்களின் கொச்சை வழக்காகக் கடைசியில் வருகிறது. அக்கடைசிப் பொருளின் வழிவந்ததே இன்று எங்கும் வழங்குவது. 1769இல் எடின்பரோ வைத்தியர் வில்லியம் கலன் 'நியூரோசிஸ்' என்ற சொல்லை ஆக்கியபோது, மனக்கலக்கங்கள் பலவற்றுக்கும் நரம்பின் கோளாறே காரணம் எனக் கருதப்பட்டது. அக்கருத்தை மருத்துவம் கைவிட்டுவிட்டது. சொல் மட்டும் தமிழிலே 'நரம்புத் தளர்ச்சி'யாகிக் குடியேறிவிட்டது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. உறக்கமின்றி, காரணமறியாத அச்சத்துடன் வாழும் ஒருவர், தமக்கு நரம்பிலே நோய் என்று நம்பி மருந்தெண்ணெயும் சத்துமருந்தும் வாங்கிக்கொண்டே இருப்பார். உளமருத்துவரிடம் போக அவருக்குத் தோன்றாது. போர்க்காலத்தின் பின் வடபகுதியில் இத்தகையோர் பலர். உண்மையில் யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே இதற்கு நல்ல சொல் உண்டு: பதகளிப்பு. அதிலே நரம்பு இல்லை. போர் உள்ளத்தில் விட்டுச்சென்ற காயத்துக்கு யாழ்ப்பாணத்து உளமருத்துவ எழுத்துகளில் வழங்கும் 'மனவடு' என்னும் சொல்லிலும் நரம்பு இல்லை. அச்சொல்லைக் கேட்கும் கிராமத்துத் தாய்க்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. வடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும்.