பள்ளிப் பேருந்து வீடாகும்போது



பழைய பேருந்து ஒன்றை வாங்கி ஊருக்கு நடமாடும் நூல்நிலையமாக மாற்றலாமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அமெரிக்க நாட்டில் பள்ளிப் பேருந்துகளை வீடுகளாக மாற்றுவோர் பலர். அவர்களுடைய அனுபவமே இதற்குத் தக்க பாடமாகும்.

நம் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வளைத்த மூங்கில்களே அதன் பலம்; பாய், வெயிலையும் மழையையும் தடுப்பதற்கே உண்டு. பள்ளிப் பேருந்திலும் எஃகு வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றின்மேல் ரிவெட் அடித்துப் பொருத்திய தகடோ வெறும் பாயன்று. அதுவும் கூடவே சுமை தாங்குகிறது.

1939-ஆம் ஆண்டில் பிராங்க் சயர் என்னும் கல்வி அறிஞர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூட்டிய மாநாடு, மஞ்சள் நிறம் உட்பட 44 விதிகளை இவ்வண்டிகளுக்கு வகுத்தது. 1977 முதல் கூரைக்கும் சட்டம் வந்தது. வண்டியின் வெற்றெடையைப் போல் ஒன்றரை மடங்கு பாரத்தை ஏற்றினாலும் கூரை 130 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கலாகாது. 8 டன் வண்டியானால் 12 டன் பாரம்! வண்டி உருண்டாலும் பிள்ளைகள் பிழைக்க வேண்டுமென்பதே கருத்து. தகடுகளின் இணைப்புக்கும் விதி உண்டு. இணைத்த தகடுகளில் மெலிந்ததன் வலிமையில் 60 சதவீதமாவது இணைப்பு தாங்க வேண்டும்.

இத்தகைய வண்டியை வாங்கியவர், தலை இடிக்கிறதென்று கூரையை உயர்த்த முற்படுகிறார். ஜன்னல்களுக்கு இடையேயுள்ள தூண்களை அறுப்பது எளிது; ஆனால் தகட்டின் துணையில்லாத அந்த இடமே வண்டியின் மெலிந்த இடம். அறுத்த முனைகளை நுனியோடு நுனி வைத்துப் பற்றவைத்தால், அந்த இணைப்பிலேயே தூண் மடியும். புதிய எஃகுத் துண்டு, பழைய தூணின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் நன்கு ஏறிப் பொருந்த வேண்டும். உயரம் கூடிய தூண் முன்னினும் எளிதில் வளையும் என்பதால், ஜன்னல் இருந்த இடத்தையும் எஃகுத் தகட்டால் மூடி நெருக்கமாக ரிவெட் அடிப்பது அவசியம். மரப்பலகை அழகு தரும். அந்த வேலையைச் செய்யாது. அறுக்குமுன் உள்ளே குறுக்குத் தாங்கல்கள் கொடாதவர், கூரை ஒருபுறம் சாய்வதைக் கண்ணாரக் காண்பார்.

காற்றுத் துவாரம் வேண்டுமானால் இரு வளைவுகளுக்கு இடையே வெட்டுங்கள். வளைவையே வெட்ட நேர்ந்தால், அதன் பாரத்தை அண்டை வளைவுகளுக்குக் கடத்தக் குறுக்குச் சட்டம் பொருத்துங்கள். 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ என்பதை மறவாமல், தொட்டியைக் கூரைமேல் ஏற்றாது தாழ்வாக, அச்சுக்கு அருகில் வையுங்கள். தரைத் தகட்டைத் துரு தின்றிருக்கிறதா என்பதை வாங்குமுன்னரே தட்டிப் பார்த்தல் நலம். எம்மைக் கேட்டால், கூரையில் கைவைக்காமலே நூல்நிலையம் அமைக்கலாம். புத்தகம் எடுப்பவர் அங்கே குடியிருக்கப் போவதில்லை.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே பட்டறைக்குப் போகுமுன் வரைபடத்துடன் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.