குதிரை வளர்ப்புக்கும் மானியம்: தீர்மானம் போடும் முன் யோசிப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



"குதிரை வாங்க அரசாங்கம் பாதிப் பணம் தருதாமே, நம்ம குழுவுக்குக் கிடைக்குமா மேடம்?" என்று சில குழுக்களில் கேட்டார்கள். கிடைக்கும். ஆனால் முழு விவரம் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் ஆடு, கோழி, பன்றி வளர்ப்புக்கு ஏற்கெனவே மானியம் உண்டு. 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தார்கள். தனிநபர், சுய உதவிக் குழு, கூட்டுப் பொறுப்புக் குழு, உழவர் உற்பத்தியாளர் அமைப்பு ஆகியோர் விண்ணப்பிக்கலாம். மூலதனச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் மானியம்.

ஏன் இந்த அக்கறை? 2012 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 6.25 லட்சம் குதிரைகள் இருந்தன. 2019-ல் 3.4 லட்சம்தான். நாட்டு இனங்கள் அழிந்துவிடக் கூடாது என்றுதான் இந்த உதவி.

இப்போ கணக்குக்கு வருவோம். 20 லட்சத்தில் திட்டம் என்றால் மானியம் 10 லட்சம். மீதி 10 லட்சம்? அது வங்கிக் கடனும் நம்ம சொந்தப் பணமும். மானியமும் முதல் நாளே கைக்கு வராது. வேலை நடப்பதை அதிகாரிகள் பார்த்த பிறகு இரண்டு தவணையாக வரும். நிலம் வாங்கவும் அன்றாடத் தீவனச் செலவுக்கும் மானியம் கிடையாது.

ஆடு வருஷத்துக்குள்ளே குட்டி போட்டு விற்பனைக்கு வந்துடும். குதிரை அப்படி இல்லீங்க. சினை 11 மாதம். பெரும்பாலும் ஒரே குட்டி. அதைச் சவாரிக்கோ வண்டிக்கோ பழக்கச் சுமார் மூணு வருஷம் ஆகும். அதுவரை தீவனத்துக்கும் கடன் தவணைக்கும் யார் பணம் கட்டுவாங்க? இதுக்குப் பதில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீங்க.

தீர்மானம் எழுதும் முன் நான்கு காரியம் செய்யுங்கள்:

1. யார் வாங்குவார்கள் என்று முதலில் பாருங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகள் வரும். நாலு பேர் போய் விலை விசாரியுங்கள்.

2. இரத்தப் பரிசோதனை இல்லாமல் வாங்காதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி கிடையாது.

3. காப்பீடு செய்யுங்கள். 2024 மாற்றத்தின்படி பிரீமியத்தில் 15 சதவீதம் நாம் கட்டினால் போதும். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும்.

4. குறைந்தது எத்தனை குதிரை, எந்த இனம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் திட்ட அறிக்கை தயாரியுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

இடைத்தரகர் "நான் வாங்கித் தர்றேன்" என்று வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

குதிரையில் அனுபவம் உள்ள குடும்பங்கள் குழுவில் இருந்தால் துணிந்து இறங்கலாம். இல்லையென்றால் இதே திட்டத்தில் ஆடும் கோழியும் இருக்கே! நமக்குத் தெரிந்த தொழிலுக்கே அந்த மானியத்தைக் கேட்போம். அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லா உறுப்பினர்களும் பேசி முடிவெடுங்கள்.