அன்னாவின் கண்ணீரும் மோனிக்காவின் கிண்ணமும்

(புனித மோனிக்கா திருநாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலியில், குடிக்கு அடிமையான கணவர்களுக்காக மனைவியர் எழுந்து நின்று செபிக்குமாறு கேட்டேன். திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். "ஃபாதர், எங்க வீட்ல குடிக்கிறது அவர் இல்ல, நான்தான்" என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. என் முகம் மாறியதை அவர் பார்த்துவிட்டார். "சரிங்க ஃபாதர், வர்றேன்" என்று சொல்லிப் போய்விட்டார். மறுபடியும் அவர் என்னைத் தேடி வர ஐந்து மாதம் ஆனது. அவர் அனுமதி தந்ததால்தான் இன்று இதைச் சொல்கிறேன்.

அன்று இரவு சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிள்ளையில்லாத அன்னா சீலோவில் ஆண்டவர் திருமுன் அழுகிறார். உதடு அசைகிறது, குரல் வெளியே வரவில்லை. வாயிலருகே அமர்ந்திருந்த குரு ஏலி, இவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கடிந்துகொள்கிறார். தாம் குடிக்கவில்லை என்றும், உள்ளத் துயரத்தை ஆண்டவரிடம் கொட்டுவதாகவும் அன்னா சொன்ன பிறகே ஏலி தம்மைத் திருத்திக்கொண்டு ஆசி கூறுகிறார். நான் எனக்குள் கேட்டுக்கொண்டேன்: அன்னா உண்மையிலேயே குடித்திருந்தால்? அப்போதும் அவர் நெஞ்சில் அதே துயரம்தானே இருந்திருக்கும்? அப்போது மட்டும் விரட்டிவிடலாமா?

"காலம் கெட்டுப்போச்சு, பொம்பளைங்க எல்லாம் குடிக்கிறாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 19 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். பெண்களில் சுமார் 1 சதவீதம்தான். 2017-இல் நெடுஞ்சாலை மதுக்கடைகள் ஊருக்குள் மாற்றப்பட்டபோது தமிழகமெங்கும் கடைகளை மறித்து நின்றவர்களும் பெண்களே. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மதுவை எதிர்ப்பவளும் பெண், அதில் விழுபவளும் பெண். முதலாமவளை மெச்சுகிறோம். இரண்டாமவள் இருப்பதையே மறைக்கிறோம்.

நம் பெருங்குடியைப் பாருங்கள். ஒருபுறம் ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே அலுவலக விருந்தில் "வேண்டாம்" என்றால் ஒதுக்கிவிடுவார்களோ என்று கிளாஸை வாங்கும் மகள் இருக்கிறாள். மறுபுறம், நாளெல்லாம் செங்கல் சுமந்த உடம்புவலிக்குக் குடித்துப் படுக்கும் சித்தாள் அக்கா இருக்கிறார். இடையில், கணவரை அடக்கம் செய்த வீட்டில் தூக்கம் வராமல் தவிக்கும் தாய் இருக்கிறார். ஆண் குடித்தால் "அவனுக்கு என்ன கஷ்டமோ" என்கிறோம். பெண் குடித்தால் "இவளெல்லாம் குடும்பப் பொம்பளையா" என்கிறோம். கடவுளிடம் இரண்டு தராசு இல்லை, அன்பர்களே.

இன்று நாம் நினைவுகூரும் புனித மோனிக்காவையே பாருங்கள். மகன் அகுஸ்தீனுக்காகக் கண்ணீர் வடித்த தாய் என்றே அவரை அறிவோம். அந்த மகனே தம் வாழ்க்கை வரலாற்றின் ஒன்பதாம் புத்தகத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். சிறுமி மோனிக்காவைத் திராட்சை இரசம் மொண்டு வரப் பெற்றோர் அனுப்புவார்கள். முதலில் விளையாட்டாக உதட்டளவு சுவைத்தவர், நாளடைவில் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கத் தொடங்கினார். ஒருநாள் சண்டையில் வேலைக்காரப் பெண் 'குடிகாரி' என்று ஏசியது சுருக்கென்று தைக்க, அன்றோடு விட்டுவிட்டார். அந்தப் பெண் திருத்துவதற்காகச் சொல்லவில்லை, கோபத்தில்தான் சொன்னாள். இறைவன்தான் அதை மருந்தாக்கினார் என்று அகுஸ்தீன் கருதுகிறார். ஆகவே ஏச்சை நாம் வைத்தியமாக்க வேண்டாம். எல்லாப் பழக்கமும் ஒரு சொல்லில் போய்விடுவதுமில்லை.

இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் குடிப்பதால் நானும் குடிப்பேன் என்பது சமத்துவம் ஆகாது. பெண்ணின் உடலில் நீரின் அளவு குறைவு. அதனால் அதே அளவு மது பெண்ணின் இரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது, ஈரலையும் விரைவில் தாக்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்கும் மது ஒரு காரணம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொன்னது. கருவுற்றவர்கள் தொடவே கூடாது. சிம்சோனின் தாய்க்கு வானதூதர் சொன்ன அறிவுரையும் இதுவே.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. போதையில் இருக்கும்போது சண்டை வேண்டாம். காலையில் தெளிந்தபின் அமைதியாகப் பேசுங்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவரைத் திடீரென நிறுத்தவைத்தால் வலிப்பு வரலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய சிகிச்சை மையம் நமக்குப் பக்கத்தில், அடையாறு இந்திரா நகரில்தான் இருக்கிறது. ஒரு பெண்ணின் துயரம் இன்று பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாசலாகத் திறந்திருக்கிறது. அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் யார் வீட்டுப் பெயரையும் பேசாதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து அந்தத் தாய் வந்தபோது, முதலில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் சிகிச்சைக்குப் போனார். இடையில் ஒருமுறை விழுந்தார், மறுபடியும் எழுந்தார். இப்போதும் ஒவ்வொரு நாளாகத்தான் கடக்கிறார். இப்போதெல்லாம் திருப்பலியில் நான் "குடிக்கும் கணவர்களுக்காக" என்று சொல்வதில்லை. "குடிநோயில் தவிக்கும் நம் எல்லாருக்காகவும்" என்று சொல்கிறேன். அவர் எங்கோ ஒரு பெஞ்சில் தலைகுனிந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறார்.

அன்னாவின் கண்ணீரைக் கண்ட ஆண்டவரே, மோனிக்காவின் கையிலிருந்து கிண்ணத்தை இறக்கிவைத்தவரே, எங்கள் வீடுகளில் ஒளிந்து அழும் பெண்களைத் தேடி வாரும். அவர்கள் எங்களிடம் வரும்போது எங்கள் முகம் மாறாதிருக்க அருள்தாரும். ஆமென்.