ஒரு தம்ளர் என்பது எத்தனை கிராம்?



பொங்கல் நெருங்குகிறது. இந்த முறையும் நம் வளாகத்திலேயே சமைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போகிறோம். மளிகைப் பட்டியல் போடும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த ஐந்து நிமிடப் பேச்சு.

வீட்டுச் சமையல் குறிப்புகள் தம்ளர், ஆழாக்கு, கரண்டி என்று இருக்கின்றன. கடையில் வாங்குவதோ கிலோவில். அதனால் பலரும் கேட்பது: “ஒரு தம்ளர் எத்தனை கிராம் சார்?”

வங்கியில் இருந்தவன் பாணியில் பதில் சொல்கிறேன். “ஒரு வெளிநாட்டு நோட்டுக்கு எத்தனை ரூபாய்?” என்று யாராவது கேட்டால், “எந்த நாட்டு நோட்டு?” என்றுதானே கேட்போம்? இங்கேயும் அப்படித்தான். முதலில் எந்தப் பொருள் என்று சொல்லுங்கள்.

கால் லிட்டர், அதாவது 250 மில்லி பிடிக்கும் தம்ளரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 250 கிராம் இருக்கும். அரிசி சுமார் 200, சர்க்கரை சுமார் 210, எண்ணெய் சுமார் 228, மைதா சுமார் 130 கிராம்தான். தேன் 350 கிராம் வரை வரும். மாவை அழுத்தி நிரப்பினால் எடை இன்னும் கூடும்.

இதனால் என்ன நஷ்டம்? பொங்கலுக்கு 30 தம்ளர் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கணக்கு 6 கிலோ. தண்ணீர்க் கணக்கில் போட்டால் 7.5 கிலோ. ஒன்றரைக் கிலோ கூடுதல் செலவோடு இது முடியாது. முழுவதையும் பானையில் கொட்டிவிட்டு, தண்ணீரை மட்டும் 30 தம்ளர் அரிசிக்கு ஊற்றினால் பொங்கல் குழையாது.

எண்ணெயிலும் கவனம் தேவை. கடையில் 15 லிட்டர் டின்னும் உண்டு, 15 கிலோ டின்னும் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோ. விலை கேட்கும்போது எந்த டின் என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

உப்பு இன்னும் முக்கியம். நம்மில் பலருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி தூள் உப்பே அந்த அளவைத் தொட்டுவிடும். கல் உப்பில் இடையிடையே காற்று இருப்பதால் அதே கரண்டியில் எடை குறைவு. கல் உப்புக்குச் சொன்ன கரண்டிக் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும்.

என் வேண்டுகோள் எளிது. குறிப்பு தருபவர்கள், நீங்கள் வழக்கமாக அளக்கும் தம்ளரையே கையோடு கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வீடு தம்ளர் மாறும். சங்க அலுவலகத்தில் டிஜிட்டல் தராசு வைக்கிறோம். காலித் தம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, பொருளைத் தலைதட்டி நிரப்பி நிறுத்து, கிராமைக் குறிப்பிலேயே எழுதிவிடுவோம். ஒருமுறை எழுதினால் அடுத்த வருடத்துக்கும் உதவும்.

ஞாயிறு காலைக்குள் கொடுத்தால் அன்று மாலையே பட்டியல் தயார்.