வாய் சொன்ன ஓட்டு



1982 நவம்பர் 2. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆளுநர் தேர்தல். அங்கே ஆளுநர் என்றால் கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் மாதிரி. ஆனால் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டாம் பிராட்லி, கறுப்பினத்தவர். டெக்சாஸில் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிர் செய்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. தாத்தா அடிமையாக இருந்தவர். பேரன் போலீஸ் அதிகாரியாகி, வக்கீலாகி, லாஸ் ஏஞ்சல்ஸ் மேயரும் ஆகியிருந்தார். எதிரே குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டுக்மேஜியன், ஆர்மீனியக் குடியேறிகளின் மகன்.

கருத்துக்கணிப்புகள் பிராட்லி பக்கம் இருந்தன. வாக்குச்சாவடியை விட்டு வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பும் அதையே சொன்னது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பத்திரிகை தன் முதல் பதிப்பில் பிராட்லிக்கே வெற்றி என்று கணித்துத் தலைப்புப் போட்டுவிட்டது. எண்ணி முடித்தால், தோற்றுப் போயிருந்தார். சுமார் 79 லட்சம் ஓட்டில் வித்தியாசம் ஏறத்தாழ 93 ஆயிரம்.

கணிப்பில் ஜெயித்தவர் எப்படித் தோற்றார்? வெள்ளைக்கார வாக்காளர்களில் ஒரு பகுதியினர், கேட்க வந்தவரிடம் ஒன்று சொல்லி, மறைப்புக்குள் போய் வேறொன்று செய்தார்கள் என்றார்கள். கறுப்பருக்குப் போடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல வெட்கம், போடவும் மனமில்லை. இதற்கு 'பிராட்லி விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதைத் தேர்தலுக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். டுக்மேஜியனின் பிரசார மேலாளர் பில் ராபர்ட்ஸ். கணிப்பில் நாங்கள் ஐந்து சதவீதம் வரை பின்தங்கியிருந்தாலும் ஜெயிப்போம், நிறம் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் அதைக் கணிப்புக்காரரிடம் சொல்லமாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். வேட்பாளர் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. ராபர்ட்ஸ் பொறுப்பை விட்டு விலக நேர்ந்தது.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் முழு நம்பிக்கை இல்லை. அன்று சாவடிக்கு வந்து ஓட்டுப் போட்டவர்களிடையே பிராட்லிதான் முந்தியிருந்தார். அவரைக் கவிழ்த்தவை தபால் ஓட்டுகள். குடியரசுக் கட்சி அந்தமுறை தபால் ஓட்டு விண்ணப்பங்களை வீடுவீடாக அனுப்பியிருந்தது. தபாலில் போட்டவர் சாவடி வாசலுக்கே வரவில்லையே, வாசலில் நின்று கேட்டவரிடம் எப்படிப் பொய் சொல்வார்? போதாததற்கு அதே நாளில் கைத்துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியும் ஒரு வாக்கெடுப்பு இருந்தது. அதை எதிர்க்கக் கிராமப்புறத்திலிருந்து திரளாக வந்தவர்கள் பிராட்லிக்குப் போடுகிறவர்கள் அல்ல.

அப்படியானால் நிறம் ஒரு பொருட்டே இல்லையா? அதுவும் இல்லை. 1969-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் தேர்தலின் முதல் சுற்றில் பிராட்லிதான் முன்னணியில் இருந்தார். இரண்டாம் சுற்றில் அப்போதைய மேயர் சாம் யார்ட்டி, பிராட்லி வந்தால் நகரம் தீவிரவாதிகள் கைக்குப் போய்விடும் என்று பயங்காட்டியே ஜெயித்தார். பிராட்லியோ இருபது வருஷத்துக்கு மேல் அதே ஊரில் போலீஸாக இருந்தவர்!

வாய்க்கும் ஓட்டுக்கும் உள்ள தூரம் இன்னும் துல்லியமாகத் தெரிந்த இடம் வர்ஜீனியா. 1989-ல் அங்கே டக்ளஸ் வைல்டர் ஆளுநர் தேர்தலில் நின்றார். அவர் சுலபமாக ஜெயிப்பார் என்று பல கணிப்புகள் சொல்ல, சுமார் 18 லட்சம் ஓட்டில் ஏழாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தப்பினார். தேர்தல் வழியாக ஆளுநரான முதல் கறுப்பர் அவர். அந்தத் தேர்தலில் தொலைபேசிக் கணிப்பு ஒன்றை ஆய்வாளர்கள் பிறகு அலசினார்கள். கேள்வி கேட்டவர் கறுப்பரானால், வெள்ளை வாக்காளர்கள் வைல்டருக்கே போடுவேன் என்று சொன்னது கூடியிருந்தது. கேட்டவர் வெள்ளையரானால் குறைந்திருந்தது. தொலைபேசியில் முகம் தெரியாது. குரலை வைத்தே ஆளை எடைபோட்டு, அதற்கேற்ற பதிலைக் கொடுத்திருக்கிறார்கள்.

2008 ஜனாதிபதி தேர்தலில் ஒபாமா நின்றபோது இந்தப் பயம் திரும்ப வந்தது. கணிப்பில் இருப்பது பெட்டியில் இருக்காது என்று தொலைக்காட்சியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கணிப்பும் முடிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஏறத்தாழ 53 சதவீதம் பெற்று ஜெயித்தார். ஆனால் வெள்ளை வாக்காளர்களில் பெரும்பாலோர் அவருக்குப் போடவில்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. நிறத்துக்காகவா, கட்சிக்காகவா என்று பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. ஒபாமாவுக்கு முன்பே அவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சிப் பக்கம் போயாகிவிட்டது.

பிராட்லி 1986-ல் அதே டுக்மேஜியனிடம் மறுபடியும் தோற்றார், இந்தமுறை படுதோல்வி. ஆனால் கறுப்பர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத லாஸ் ஏஞ்சல்ஸ் அவரை ஐந்து முறை மேயராக்கியது. வெள்ளையர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு அது. அந்த ஊர் விமான நிலையத்தின் சர்வதேச முனையத்துக்கு அவர் பெயர்தான். வெளிநாட்டிலிருந்து போய் இறங்குகிற பலருக்கு அமெரிக்காவில் கண்ணில் படும் முதல் பெயர், டாம் பிராட்லி.